‘மீட்பு நாள்’ தொடர்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் ஒரு அத்தியாயம் என்று 26 வாரம் எழுதி ‘மீட்பு நாள்’ கதையை முடித்துவிட்டேன். முடிந்த அன்று இரவே கேள்விகள் வர ஆரம்பித்தன. பலரும் கேட்டது ஒரே கேள்விகளைத்தான். தனித்தனியாக எழுதியதில் சிலருக்கு நீளமான பதிலும் சிலருக்கு ஒற்றை வரியும் போய்ச் சேர்ந்தன, அது நியாயமில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே. முடிவு வரை பேசியிருக்கிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்க வருகிறேன். கதை என்ன?

கோமதி சிங்கப்பூரின் தேக்காவில் ஓர் அடகுக்கடையில் நகை மதிப்பிடுபவள். ஒரு பொருளைத் தொட்டால், அதை முன்பு வைத்திருந்தவரின் வாழ்க்கையில் ஒரு துண்டு அவளுக்குத் தெரிந்துவிடும். சரவணன் இரவு டாக்சி ஓட்டுகிறவன். பக்கத்தில் இருப்பவர் எதையாவது தொலைத்திருந்தால், அது கிடக்கும் திசையில் அவன் இடது தோளில் ஓர் இழுப்பு வரும். இருவரும் 2005-இல் ஒரே தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். பேசிப் பழகியவர்கள் என்று சொல்லலாம், நண்பர்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. 18 வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 18 அன்று, அவன் தன் அம்மாவின் ஒற்றை வளையலை அடகு வைக்க அவள் கவுண்டருக்கு வருகிறான். சீட்டின் கெடு 6 மாதம். கதையின் கெடுவும் அதுதான்.

பேய் மாதத்தில் தொடங்குகிறதே, பேய்க் கதையா?

இல்லை. ஒரு பேயும் வராது, பயப்படாமல் படிக்கலாம். பேய் மாதம் என்று சொல்லும் சீனர்களின் ஏழாம் மாதம் அந்த வருடம் ஆகஸ்ட் 16-இல் பிறந்தது. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தாள் எரியும் வாசம், கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் ஆவிகளுக்கென்று காலியாக விட்ட முதல் வரிசை நாற்காலிகள் எல்லாம் கதையில் உண்டு. போனவர்களுக்கு இடம் ஒதுக்கிவைக்கும் ஊர் இது. அம்மாவைப் பறிகொடுத்து இரண்டு மாதம் ஆன ஒருவன் அந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே டாக்சி ஓட்டட்டும் என்றுதான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த மாதிரி ஆற்றல் நிஜமாகவே உண்டா? நீங்கள் நம்புகிறீர்களா?

கோமதிக்கு இருப்பதை ‘சைக்கோமெட்ரி’ என்பார்கள். ஜோசஃப் ரோட்ஸ் புக்கனன் என்ற அமெரிக்க மருத்துவர் 1842-இல் வைத்த பெயர். ‘டெலிபதி’ என்ற சொல் அதற்கு 40 வருடம் பிந்தியது. 1882-இல் ஃபிரெடரிக் மயர்ஸ் உருவாக்கினார். அதே ஆண்டு லண்டனில் இதையெல்லாம் ஆராய ஒரு சங்கமும் தொடங்கினார்கள்.

1930-களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் சீட்டுக்கட்டு வைத்து, சீட்டைப் பார்க்காமல் அதிலுள்ள படத்தைச் சொல்லச் சொல்லிச் சோதித்தார். வட்டம், கூட்டல் குறி, அலைகள், சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து படம், ஒவ்வொன்றிலும் ஐந்து, மொத்தம் 25 சீட்டு. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 5 சரியாக வரும். அதைவிட அதிகமாகச் சொல்கிறவர்கள் உண்டு என்று ரைன் எழுதினார். ஆனால் சில சீட்டுகளின் படம் பின்பக்கம் தெரிந்தது, சோதனையைக் கட்டுப்படுத்திய விதத்தில் ஓட்டைகள் இருந்தன என்று மற்றவர்கள் காட்டினார்கள். இறுக்கமாக நடத்திய சோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. அமெரிக்க மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, நிரூபித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்திருந்தார். அந்தச் சவால் 2015-இல் முடியும் வரை ஒருவரும் வாங்கவில்லை.

ஆகவே, நான் நம்பவில்லை. ஆனால் இறந்தவரின் சட்டையை மடித்து வைக்கும்போது கை நின்றுபோகிறதே, அதை நம்புகிறேன். கோமதி அங்கிருந்து வந்தவள்.

தமிழ்க் கதைக்கு இது ஒட்டுமா? வெளிநாட்டுச் சரக்கு மாதிரி இருக்கிறதே?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. காதலையும் குறி சொல்வதையும் ஒன்றாக வைத்துப் பாடியது நம் பழைய வழக்கம். குறுந்தொகையின் 23-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. மகள் வாடுகிறாள், காரணம் தெரியவில்லை, வீட்டில் கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் குறி கேட்கிறார்கள். நரைத்த நீளக் கூந்தல்காரி அவள், மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள். மகள் காதலிக்கும் பையனுடைய குன்றைப் பாடியதும் தோழி குறுக்கே வந்து, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடு என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. குறிகாரிக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். விஷயத்தை வெளியே விடுவது தோழிதான், அதுவும் வீட்டாருக்குப் புரிகிற அளவுக்கு மட்டும். என் கதைக்கான முடிச்சு எனக்கு அங்கேதான் கிடைத்தது.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிபல்லவத் தீவில் புத்தரின் பாதபீடிகை முன்னால் நிற்கிறாள், முற்பிறப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. தன்னைத் துரத்தும் உதயகுமரன் அந்தப் பிறவியில் தன் கணவன் இராகுலன் என்று அறிகிறாள். ஒரு பொருளின் முன்னால் பழசு தெரிவதும், முன்பே பழகியவர் மறுபடி எதிரில் வருவதும் அதிலேயே இருக்கின்றன. தெரிந்தபின் அவளுக்கு வந்த பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அறிந்தது அவளுக்கு மட்டும், அவனுக்குத் தெரியாது. அந்த வேதனையைத்தான் கோமதிக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அடகுக்கடை? நகைக்கடை வைத்திருக்கலாமே?

நகைக்கடையில் இருப்பது புது நகை, அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன வயதில் அம்மாவோடு அடகுக்கடைக்குப் போயிருக்கிறேன். பள்ளி திறக்கும் சமயத்தில் வளையல் போகும், சில மாதம் கழித்துத் திரும்பும். கவுண்டர் என் தலைக்கு மேலே இருக்கும், கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர். வளையலை வெளிச்சத்தில் திருப்பி 916 முத்திரையைத் தேடுவார், உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார், அமிலத்தை ஒரு சொட்டு விடுவார், தராசில் வைப்பார். அந்த நேரம் முழுக்க அம்மா அவரைப் பார்க்கவே மாட்டார். வளையல் இருந்த இடத்தில் மணிக்கட்டில் வெளுத்த தழும்பு மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வாசல் பக்கம் பார்ப்பார். அந்த வட்டத்தை எழுதத்தான் இந்தக் கதையையே ஆரம்பித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

கணக்கும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் அடகுக்கடை மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. சரவணன் வாங்கியது 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதற்கு மாதம் 9 வெள்ளி. ஆறு மாதம் முடிந்து மீட்டால் 654. அவன் சட்டைப்பையில் கடைசி அத்தியாயத்தில் இருக்கும் தொகை அதுதான். சிலர் கூட்டிப் பார்த்து எழுதியிருந்தீர்கள், மிக்க நன்றி.

வட்டியைக் கட்டிக் கெடுவை நீட்டிக்கலாமே? அப்புறம் என்ன பரபரப்பு?

நீட்டிக்கலாம். வட்டியைக் கட்டினால் புதுச் சீட்டு போட்டுக் கொடுப்பார்கள், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இது சரவணனுக்கும் தெரியும். 19-ஆம் அத்தியாயத்தில் அதற்காகவே வருகிறான், வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான்.

அவன் பணத்துக்காக அடகு வைக்கவில்லை. அந்த வளையலை வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. கொஞ்ச நாள் வேறு யாராவது வைத்திருக்கட்டும் என்று கொடுத்தான். புதுச் சீட்டு போட்டால் இன்னொரு ஆறு மாதம் தள்ளிப்போடலாம், அதற்கடுத்து இன்னொன்று. இப்படியே வாழ்நாள் முழுக்கத் தள்ளிப்போடலாம் என்று அந்த வரிசையில் நிற்கும்போது அவனுக்கு உறைக்கிறது. இந்த இடத்தை நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள் என்றால் குறை என் எழுத்தில்தான்.

2005-இல் என்னதான் நடந்தது? ஏன் உமறுப் புலவர் நிலையத்தை வைத்தீர்கள்?

பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள், பள்ளி முடிந்ததும் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கு வருவார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயர். அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், ஒரே வகுப்பில் ஏழெட்டுப் பள்ளிச் சீருடை இருக்கும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் பக்கத்தில் உட்காருவோம், பேருந்து நிறுத்தம் வரை பேசிக்கொண்டு நடப்போம், மற்றபடி ஒருவர் வாழ்க்கை இன்னொருவருக்குத் தெரியாது. தேர்வு முடிந்தால் அத்தோடு சரி. ‘தெரிந்தவர்’ என்ற அளவிலேயே நிற்கும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

சாதாரண நிலைத் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு கோமதி சரவணனிடம் பேனா இரவல் வாங்குகிறாள். அது அவன் அப்பாவுடைய மைப்பேனா. தொட்டதும் அவளுக்குத் தெரிகிறது. 16 வயது, வாய் முந்திக்கொள்கிறது. “உங்கப்பா திரும்பி வரமாட்டாரு” என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிடுகிறாள். அப்பா பயணம் போயிருப்பதாகத்தான் அவன் அதுவரை நம்பிக்கொண்டிருந்தான். பேனாவைக்கூடத் திரும்ப வாங்காமல் எழுந்து போகிறான். அந்தப் பேனா 18 வருடமாக அவள் மேசை இழுப்பறையில், கைக்குட்டையில் சுற்றியபடி இருக்கிறது. அதை அவள் மறுபடி தொடவே இல்லை.

பழைய காதலர்களாக வைத்திருந்தால் இன்னும் உருக்கமாக இருந்திருக்குமே?

பழைய காதலர்கள் என்றால் ஒருவரை ஒருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள். இவர்களுக்கு நடுவில் இருப்பது ஒரு வாக்கியம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போகலாம் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

34 வயதில், ஒன்றாகப் படித்தவர்கள், “நீங்க, வாங்க” என்று பேசுவது செயற்கையாக இல்லையா?

இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வகுப்பில் அவர்கள் நீ, வா, போ என்றுதான் பேசினார்கள். கவுண்டரில் அவள் முதலில் சொல்வது எல்லாரிடமும் சொல்வதுதான்: “உக்காருங்க அண்ணே, ஐசி இருக்கா?” அட்டையில் பெயரைப் பார்த்தபின் நிமிர்கிறாள். “உமறுப் புலவர்ல படிச்சீங்களா?” அவனும் “நீங்க… கோமதிதானே?” என்கிறான். அந்த ‘ங்க’ மரியாதைக்காக வந்தது மட்டும் இல்லை. மூடிய கதவு அது. தட்டிவிட்டு வெளியே நிற்பதற்கு இருவருக்கும் வசதியாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் கதையின் பாதி எனக்குக் கிடைத்திருக்காது. 26 அத்தியாயத்தில் யார், எங்கே, எப்போது ‘நீ’ என்கிறார்கள் என்பதைத் தனியாக ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டு எழுதினேன். தீபாவளிக்கு முந்தின இரவு, கேம்பல் லேன் கூட்டத்தில் அவளைக் காணாமல் சரவணன் ஒருமுறை “எங்க இருக்கே?” என்று போனில் கத்திவிடுகிறான். உடனே “எங்க இருக்கீங்க” என்று திருத்திக்கொள்கிறான். அவள் பதில் சொல்லாமல் இரண்டு நொடி நிற்கிறாள். தொலைந்ததையெல்லாம் கண்டுபிடிக்கிறவனுக்கு அவள் இருக்கும் திசை தெரியவில்லை, ஏனென்றால் அவள் இன்னும் அவனுக்குத் ‘தொலைந்தவள்’ ஆகவில்லை. அந்தத் திருத்தத்தைக் கவனித்து எழுதிய வாசகி ஒருவர், தன் கணவர் முதன்முதலில் ஒருமையில் கூப்பிட்ட நாளை நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். அந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

ஆற்றல்களுக்கு விதிமுறை உண்டா? தங்கத்தை உருக்கினால் என்ன ஆகும்?

உண்டு. தங்கம் பல தலைமுறை நினைவு வைத்திருக்கும், துணி சில வாரம், பிளாஸ்டிக்கில் ஒன்றும் நிற்காது. உருக்கினால் எல்லாம் போய்விடும். அதனால்தான் மீட்கப்படாத நகைகள் உருக்கப் போகும் நாளில் கோமதி விடுப்பு எடுக்கிறாள். மனிதரைத் தொட்டால் அவளுக்கு எதுவும் தெரியாது.

சரவணனின் இழுப்பு தீவுக்குள் மட்டும் வேலை செய்யும். மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் அதைத் தாண்டினால் தோள் அமைதியாகிவிடும். முதல் அத்தியாயத்திலேயே இதைச் சொல்லிவிட்டேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை! அப்பாவையும் இரண்டாவது வளையலையும் அவனால் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம் அதுதான். இரண்டும் அந்தப்பக்கம் இருந்தன.

பிடாடாரி அத்தியாயம் கதைக்குத் தேவையா?

கதையோட்டத்துக்கு அது இல்லாமலும் நடந்திருக்கும். எனக்கு வேண்டியிருந்தது. பிடாடாரி சிங்கப்பூரின் பழைய இடுகாடு. 1908-இலிருந்து 1972 வரை புதைத்த இடம், பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள், இப்போது வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள். அங்கிருக்கும் உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம்கூடத் தடம் 2003-இல் ஓடத் தொடங்கியும் சுற்றிலும் ஆள் இல்லாததால் 2011 வரை திறக்காமல் கிடந்தது. நள்ளிரவில் அந்த வழியாகப் போகும்போது சரவணனின் தோள் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் இழுக்கிறது. வண்டியை ஓரங்கட்டி அழுகிறான். அம்மா இறந்த பிறகு அவன் அழுவது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்தப் பெயர். மலாய் மொழியில் தேவதை என்று பொருள், ‘வித்யாதரி’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நம் பழைய நூல்களில் விஞ்சையர் என்று வருவார்களே, அவர்கள்தான். மணிமேகலையில் உதயகுமரனை வெட்டிக் கொன்ற காஞ்சனன் ஒரு விஞ்சையன். எழுதிக்கொண்டிருக்கும்போது இது பிடிபட்டது, அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தைப்பூசக் காட்சியில் சாமி வருவதும் கோமதியின் ஆற்றலும் ஒன்று என்கிறீர்களா?

இல்லை. காவடி எடுப்பவருக்கு அது வேண்டுதல், வழிபாடு. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை அவர் நடக்கும் நடையை என் கதைக்குச் சாட்சியாக இழுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் கோமதி அங்கே தண்ணீர் கொடுக்கும் வேலையில் மட்டும் நிற்கிறாள், காகிதக் குவளையோடு.

இன்னொரு வளையல் எங்கே என்று முதல் நாளே கோமதிக்குத் தெரியும். 22-ஆம் அத்தியாயம் வரை ஏன் சொல்லவில்லை? படிக்கும்போது கோபமாக வந்தது.

அதிகம் பேர் கேட்டது இதுதான். கோபம் நியாயமானது, சரவணனுக்கும் வந்தது.

தொழில் என்பதால் அவள் அந்த வளையலைத் தொட்டே ஆக வேண்டும். தொட்டதும் தெரிகிறது: வீட்டை விட்டுப் போகிற மனிதரின் கையில் அவன் அம்மாவே ஒரு வளையலைக் கழற்றிக் கொடுக்கிறார். விரட்டவில்லை, சண்டை போடவில்லை, “வழிச்செலவுக்கு வச்சுக்குங்க” என்கிறார். அப்பா திருடிக்கொண்டு போனார் என்றுதான் சரவணன் 18 வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான். கோமதி ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கசப்பு போகும். ஆனால் அந்த அம்மா தன் மகனிடம் சாகும்வரை இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவருடைய முடிவு. அதைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து நீட்டுவது, 16 வயதில் வகுப்பில் செய்ததையே மறுபடி செய்வது.

என் வீட்டிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. எனக்கு நெருக்கமான ஒருவரைப் பற்றிய உண்மை, அவர் வாயால் வருவதற்கு முன்பே வேறொருவர் மூலம் எனக்கு வந்துவிட்டது. உண்மை தெரிந்தது, ஆனால் அவர் என்னிடம் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு மாலைப்பொழுது எங்கள் இருவருக்கும் கிடைக்காமல் போனது. கோமதி அதைத் திருட மாட்டாள் என்று முதல் அத்தியாயம் எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவன் கேட்டால் சொல்வது என்று காத்திருக்கிறாள். 22-இல் கேட்கிறான். “உனக்குத் தெரியும்தானே?” என்று, முதன்முறையாகத் திருத்திக்கொள்ளாமல். அவளும் “தெரியும். கேக்கிறியா?” என்கிறாள்.

முத்தக் காட்சி உண்டா? பிள்ளைகள் படிக்கலாமா?

ஒன்று, 24-இல், மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது. உயர்நிலைப் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கலாம்.

புத்தகமாக வருமா? இரண்டாம் பாகம்?

திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன், 19-ஆம் அத்தியாயத்தை முதலில். இரண்டாம் பாகம் கிடையாது.

கடைசியில் கோமதி இரண்டாவது வளையலைத் தொட்டாளா?

ஜோகூரில் அப்பா அதை ஒரு பழைய துண்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தார். அன்று அறைக்குள் போனது சரவணன் மட்டும். ஒரு மணி நேரம் பேசினார்கள், கோமதி வெளியே வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

2024 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. 654 வெள்ளியை எண்ணி வைக்கிறான், சீட்டைக் கொடுக்கிறான். முதல் வளையலை அவள் தட்டில் வைத்து நீட்டுகிறாள். அவன் துணியைப் பிரித்து இரண்டாவதைப் பக்கத்தில் வைக்கிறான். அப்பா அதை விற்கவே இல்லை. “தொட்டுப் பாரு,” என்கிறான், “எல்லாம் தெரிஞ்சிடும்.”

அவள் தட்டின் விளிம்பைப் பிடித்து அப்படியே அவன் பக்கம் நகர்த்துகிறாள். “நீயே சொல்லு. எனக்கு ஒரு மணிக்கு பிரேக்.”

ஒரு மணிக்கு எதிரே உள்ள கடையில் தே தாரிக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவன் சொல்ல ஆரம்பித்தான்.